வைரஸ் என்று நான் சொல்லவில்லை

வில்லியனூரில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தின் ஆபீஸில் பன்னிரண்டு வருஷமாக வேலை பார்க்கிறேன். சேர்ந்தபோது டைப்பிஸ்ட். படித்தது பி.காம்., அதுவும் தபால் வழியில். கம்ப்யூட்டரை யாரும் என்னை உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. தப்பாக அழுத்தி, பயந்துபோய், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மறுபடி அழுத்தித்தான் கற்றுக்கொண்டேன்.

டீச்சர்கள் இணையத்திலிருந்து எதையாவது இறக்குவார்கள். பிரிண்டருக்கான சாஃப்ட்வேர், தமிழ் டைப் அடிக்கிற கருவி, அது இது என்று ஏதாவது இருக்கும். படம், பிடிஎஃப் என்றால் பிரவுசர் பேசாமல் விட்டுவிடும். தட்டினால் தானாக ஓட ஆரம்பிக்கிற ஃபைல், இ.எக்ஸ்.இ. என்று முடிகிற ஃபைல் வந்தால் மட்டும் மறிக்கும். சிவப்பாக ஒரு குறி போட்டு, ஆபத்தாக இருக்கலாம் என்று சொல்லும். உடனே குரல் வரும்.

“அக்கா, இது ஓப்பனே ஆவ மாட்டேங்குது. கொஞ்சம் வாங்களேன்.”

நான் எழுந்து போவேன். பக்கத்தில் மூன்று புள்ளி இருக்கும். அதைத் தட்டினால் ‘கீப்’ என்று ஒன்று வரும். அதைத் தாண்டினால் நீலமாக ஒரு பெட்டி வந்து, உங்கள் கம்ப்யூட்டரைக் காப்பாற்றிவிட்டோம் என்று சொல்லும். ஓடவிடுகிற பொத்தான் அதில் கண்ணுக்குத் தெரியாது. சின்ன எழுத்தில் ‘மோர் இன்ஃபோ’ என்று இருப்பதைத் தட்டினால்தான் ‘ரன் எனிவே’ வெளியே வரும். மொத்தம் நாலே நாலு தட்டு. அந்த நாலு தட்டுதான் பள்ளிக்கூடத்தில் எனக்கிருந்த மரியாதை.

“உங்க கைக்கு மட்டும் எப்பிடித்தான் தொறக்குதோ!” என்று தமிழ் மிஸ் சொல்வார். நான் எப்படி என்று ஒருநாளும் விளக்கியதில்லை. மவுஸை வேகமாக நகர்த்திவிடுவேன். பார்த்துக் கற்றுக்கொண்டுவிட்டால் அப்புறம் என்னை எதற்குக் கூப்பிடப் போகிறார்கள்?

போன வருஷம் ஜூனில் அவள் வந்தாள். ஆபீஸுக்கு இன்னொரு ஆள் வேண்டும் என்று நான்தான் மேடத்திடம் கேட்டுக்கொண்டிருந்தேன். மேடம் என்றால் எங்கள் பிரின்சிபால். கேட்டபோது எனக்குக் கீழே ஒருத்தி வருவாள், ஜெராக்ஸ் எடுப்பாள், அட்டெண்டன்ஸ் ஏற்றுவாள் என்று நினைத்திருந்தேன். வந்தவள் எம்.சி.ஏ. படித்திருந்தாள். இருபத்து மூன்று, நான்கு வயது இருக்கும். கரையாம்புத்தூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். அப்பா கரும்பு வெட்டப் போகிறவர், அம்மா நடவுக்குப் போகிறவர் என்று முதல் நாளே கூச்சப்படாமல் சொன்னாள். என் மேஜைக்குப் பக்கத்து மேஜை அவளுக்கு. இரண்டு பேருக்கும் ஒரே ஃபேன்.

பொறாமைப்பட்டேன் என்று ஒரே வரியில் எழுதிவிடலாம். ஆனால் அது ஒரே நாளில் வரவில்லை. பள்ளிக்கூட ஆயாம்மா டீ கொண்டுவரும்போது அவளுக்கு முதலில் வைத்தார். அது ஒரு நாள். மேடம் என்னை “நீங்க” என்றும் அவளை “வாடா கண்ணு” என்றும் கூப்பிட்டார். அது இன்னொரு நாள். பதினோரு வருஷத்தில் என்னை யாரும் கண்ணு என்று கூப்பிட்டதில்லை. எனக்கு அது வேண்டும் என்றுகூட அதுவரை தெரியாது.

ஆகஸ்ட் மாசம் ஒரு நாள். கணக்கு சார் ஆபீஸ் வாசலில் வந்து நின்று, “ஒரு ஃபைலு இறங்கிச்சி, ஆனா தொறக்க மாட்டேங்குது” என்றார். நான் பழக்கத்தில் எழுந்துவிட்டேன். மேஜைக்கு அடியில் கழற்றிவிட்டிருந்த செருப்பையும் மாட்டிக்கொண்டேன். சார் என்னைத் தாண்டிப் பார்த்து, “ஏம்மா, நீ கொஞ்சம் வரியா?” என்று அவளைக் கேட்டார்.

அவள் தயங்கினாள். “அக்கா போறாங்களே சார்...”

“இல்லம்மா, நீ படிச்ச பொண்ணு. நீ பாத்தா ஒரேடியா சரியாயிடும்.”

அவள் போனாள். நான் நின்றுகொண்டிருந்தேன். எழுந்ததற்கு ஒரு காரணம் வேண்டுமே. மூலையில் இருந்த தண்ணீர் கேனிடம் போய், தாகமே இல்லாமல் ஒரு டம்ளர் குடித்தேன். பத்து நிமிஷம் கழித்துத் திரும்பி வந்தாள். “சாருக்கே எப்பிடின்னு காட்டிக் குடுத்துட்டேன்க்கா. இனிமே உங்கள தொந்தரவு பண்ண மாட்டாரு” என்றாள். எனக்கு நல்லது செய்ததாகத்தான் நினைத்தாள். அவள் சிரித்த முகத்தைப் பார்க்க முடியாமல் ஸ்கேனரைத் துடைக்க ஆரம்பித்தேன்.

அப்புறம் காலாண்டுப் பரீட்சை வந்தது. ஒவ்வொரு பரீட்சைக்கும் ரிப்போர்ட் கார்டு தயாரிப்பது எங்கள் ஆபீஸ் வேலை. டீச்சர்கள் மார்க்கை எக்ஸெலில் போட்டுக் கொடுப்பார்கள். அதைப் பார்த்து ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகக் கார்டில் டைப் அடிக்க வேண்டும். பேர், பாடம், மார்க், மொத்தம், வருகை, போட்டோ. ஒன்றாம் வகுப்பு தொடங்கி ஒன்பதாம் வகுப்பு வரை. முடிப்பதற்குள் கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். நான் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். ‘பதினஞ்சு நாளா தலை நிமிரல’ என்று சொல்வதில் ஒரு சுகம் இருந்தது.

பரீட்சை முடிகிற வாரம் அவள் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“அக்கா, ஒண்ணு செஞ்சிருக்கேன். உங்களுக்குத்தான் மொத காட்டறேன். சரியா இல்லன்னா சொல்லிடுங்க, யாருக்கும் காட்ட வேணாம்.”

ஒரு லிங்க் அனுப்பினாள். என் கம்ப்யூட்டரில் இறக்கினேன். பிரவுசர் உடனே மறித்தது. சிவப்புக் குறி. இந்த ஃபைலை அதிகம் பேர் இறக்கியதில்லை, ஆபத்தாக இருக்கலாம்.

“பாத்தியா, இன்னாமோ சொல்லுது” என்றேன். குரலில் ஒரு திருப்தி இருந்தது எனக்கே கேட்டது.

“இது வைரஸ்னு சொல்லலக்கா. எனக்கு இத்தத் தெரியாதுன்னு சொல்லுது. பெரிய கம்பெனிங்க பண்ற ஃபைல்ல, இது இன்னார் பண்ணதுன்னு அத்தாட்சி வாங்கிப் போட்டிருப்பாங்க. லட்சம் பேரு இறக்கிருப்பாங்க. அத்தப் பாத்துட்டு உள்ள விட்டுடும். இது நான் வூட்ல உக்காந்து பண்ணது. உலகத்துலயே மொத மொத இறக்கறது நீங்கதான். அதுக்கு எப்பிடித் தெரியும்?”

பதினோரு வருஷமாக அந்த எச்சரிக்கையைத் தட்டித் தள்ளிக்கொண்டிருந்தேன். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அன்றைக்குத்தான் ஒருத்தி எனக்குச் சொன்னாள். நாலு தட்டுத் தட்டி ஓடவிட்டேன். சாம்பல் நிறத்தில் சின்னதாக ஒரு கட்டம் வந்தது. மூன்றாம் வகுப்பு எக்ஸெலைக் காட்டச் சொன்னாள். பிள்ளைகளின் போட்டோ இருந்த ஃபோல்டரைக் காட்டச் சொன்னாள். கடைசியாக ஒரு பொத்தான். ஆயாம்மா கொண்டுவந்த டீ ஆறுவதற்குள் வகுப்பு முழுக்க முடிந்துவிட்டது. ஒவ்வொரு பிள்ளைக்கும் போட்டோவோடு ஒரு கார்டு. கூட்டல் தப்பில்லை, எழுத்துத் தப்பில்லை. எக்ஸெலை வைத்துப் பத்துப் பிள்ளைக்குச் சரிபார்த்தேன். ஒன்றாவது தப்பாக இருக்கட்டும் என்று தேடித்தான் பார்த்தேன்.

“எப்பிடிக்கா இருக்குது?”

“நல்லாதான் இருக்குது” என்றேன். என் பதினைந்து நாள் அந்த டீ டம்ளருக்குள் முடிந்துபோயிருந்தது.

மறுநாள் காலையில் அவள் அந்த லிங்கை டீச்சர்களின் வாட்ஸப் குரூப்பில் போட்டாள். அவரவர் வகுப்புக் கார்டை அவரவரே எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தாள். கீழே இன்னொரு வரியும் இருந்தது: ‘சிவப்பா வார்னிங் வந்தா பயப்படாதீங்க, ஆபீஸ்ல அக்காவைக் கேளுங்க, அவங்க பாத்துக்குவாங்க.’ போட்டுவிட்டு ஒரு ஃபாரம் கொடுப்பதற்காகப் பாண்டிக்குப் போய்விட்டாள். மேடம்தான் அனுப்பினார்.

டீச்சர்கள் இறக்கினார்கள். எல்லோருக்கும் சிவப்பு வந்தது. சிலர் போட்டோ எடுத்துக் குரூப்பிலேயே போட்டு, இது என்ன, வைரஸா என்று கேட்டார்கள். நான் அதற்குப் பதில் போடவில்லை. வேலையாக இருப்பதுபோல் இருந்தேன். பதினோரு மணிக்கு மேடமே ஃபோனைக் கையில் பிடித்துக்கொண்டு ஆபீஸுக்குள் வந்தார்.

“என்னம்மா இது? எல்லாருக்கும் செவப்பா வருதாமே. வைரஸா?”

மேடம் பயந்ததில் நியாயம் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் கணக்கு சார், பிள்ளைகளின் போட்டோவைச் சின்னதாக்க இலவசமாக ஏதோ ஒன்றை இறக்கினார். பிரவுசர் மறித்தது. என்னைக் கூப்பிட்டார். நான் ஒரு எழுத்தும் படிக்காமல் நாலு தட்டுத் தட்டி ஓடவிட்டுவிட்டு வந்தேன். அன்று சாயங்காலத்துக்குள், அதோடு இணைத்திருந்த ஆபீஸ் கம்ப்யூட்டரில்கூட ஒரு ஃபைலும் திறக்கவில்லை. டி.சி. நகல், போட்டோ, அட்மிஷன் விவரம் எல்லாம் போனது. அதைத் திரும்பச் சேர்க்க மாசக்கணக்கில் ஆனது. கண்டதையும் இறக்கினார் என்று திட்டு முழுக்க சாருக்குத்தான் விழுந்தது. அதைத் திறந்துவிட்டது யார் என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அன்றைக்குப் பிரவுசர் சொன்னதுதான் சரி, நான்தான் கேட்கவில்லை. இன்றைக்கு அது ‘எனக்குத் தெரியாது’ என்றுதான் சொல்கிறது. அதன் அர்த்தம் எனக்குத் தெரியும். ஓட்டிப் பார்த்தவளும் நான்தான். மேடம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“பிரவுசரே டேஞ்சர்னு சொல்லுதுங்க மேடம்” என்றேன்.

“நீங்க என்ன சொல்றீங்க? உங்களுக்குத்தானே இதெல்லாம் தெரியும்.”

ஆகஸ்டிலிருந்து நான் கேட்க ஏங்கிய வார்த்தை அது. அது வந்த நேரத்தில் நான் சொன்னது இதுதான்: “ஒருவாட்டி பட்டதே போதும்னு தோணுதுங்க மேடம்.”

மேடம் அங்கேயே நின்றபடி குரூப்பில் போட்டார். யாரும் அந்த ஃபைலைத் திறக்கக் கூடாது, உடனே அழித்துவிட வேண்டும், கார்டு வழக்கம்போல் ஆபீஸில் டைப் அடிக்கப்படும்.

வைரஸ் என்று நான் சொல்லவில்லை. இதைப் பிற்பாடு எத்தனையோ தடவை எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்து வரவே இல்லை. வந்திருந்தால்கூடக் கொஞ்சம் மேலாக இருந்திருக்கும்.

மத்தியானம் அவள் பாண்டியிலிருந்து வந்ததும் மேடம் ரூமுக்குக் கூப்பிட்டார்கள். கண்ணாடிக் கதவு வழியாக எனக்குத் தெரிந்தது. அவள் கைகளை ஆட்டி ஏதோ விளக்கினாள். மேடம் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அப்புறம் அவள் கைகளைக் கீழே போட்டுவிட்டு நின்றாள். வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“இன்னாம்மா சொன்னாங்க?” என்று கேட்டேன். எல்லாம் தெரிந்துகொண்டே கேட்டேன்.

“கண்டதையும் பண்ணாத, சொன்ன வேலைய மட்டும் பாருன்னாங்க.” முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “நீங்க ஓட்டிப் பாத்தீங்கன்னு நான் சொல்லலக்கா. உங்களையும் சேத்துத் திட்டுவாங்க.”

அந்த இடத்தில் நான் எழுந்து போயிருக்க வேண்டும். கண்ணாடிக் கதவு பத்தடி தூரத்தில் இருந்தது. போகவில்லை. அவளுடைய அந்த நல்ல மனசின் மேலும் எனக்குப் பொறாமைதான் வந்தது.

டைப் அடிக்கிற வேலையைப் பிரித்துக்கொண்டோம். ஒன்று முதல் ஐந்து வரை எனக்கு. ஆறு முதல் ஒன்பது வரை அவளுக்கு. பெரிய வகுப்புக்குப் பாடம் அதிகம். “நீ வேகமா அடிப்பல்ல?” என்று சொல்லி அவள் தலையில் கட்டினேன்.

இனி எழுதப்போவதுதான் எழுதக் கூசுகிறது. அந்த ஃபைலை நான் அழிக்கவில்லை. என் கம்ப்யூட்டரில் அப்படியே இருந்தது. முதல் நாள் ஒன்றாம் வகுப்பில் ஒன்பது பிள்ளைகளுக்கு அடித்ததும் கழுத்து வலிக்க ஆரம்பித்தது. அவள் தண்ணீர் பிடிக்கப் போனாள். நான் அதைத் திறந்தேன்.

அதற்குப் பிறகு மானிட்டரைச் சுவர்ப் பக்கம் லேசாகத் திருப்பி வைத்துக்கொண்டேன். ஒரு வகுப்பை ஓடவிட்டுவிட்டு, வெறும் பக்கம் ஒன்றைத் திறந்து அதில் வாய்க்கு வந்ததை அடித்துக்கொண்டிருப்பேன். கீபோர்டு சத்தம் கேட்க வேண்டும் இல்லையா? பக்கத்தில் அவள் எக்ஸெலையும் கார்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, உதடு அசைய மார்க்கைச் சொல்லிக்கொண்டே அடிப்பாள். சாயங்காலம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டால் எழுந்து ஓடுவாள். வலது மணிக்கட்டில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டாள். அவள் செய்த கருவியால் என் வேலை ஒரே நாளில் முடிந்துவிட்டது. சந்தேகம் வரக் கூடாது என்று ஆறாம் நாள் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

“அனுபவம்னா இதான்” என்றார் மேடம், அவள் இருக்கும்போதே. “ஒரு தப்பு இருக்குதா பாரு.”

அவள் என்னைப் பார்த்து, “அக்கா கை அப்பிடி” என்றாள்.

பன்னிரண்டாம் நாள் அவள் முடித்தாள். கார்டுகளைப் பெற்றோருக்குக் கொடுத்தோம். மறுநாள் காலை ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்றின் அப்பா வந்தார். கையில் கார்டு. பக்கத்தில் விடைத்தாள். சயின்ஸில் எண்பத்தொன்று. கார்டில் பதினெட்டு என்று இருந்தது.

“இத்தப் பாத்துட்டுப் புள்ளைய அடிச்சிட்டேம்மா” என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. “அவன் பேப்பரக் காட்டிக் காட்டி அழுவறான். ஸ்கூல்ல குடுத்தது தப்பா இருக்குமாடான்னு இன்னும் ரெண்டு போட்டேன்.”

உண்மையைச் சொல்கிறேன். எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். என்னுடையதில் ஒரு தப்பும் இல்லை, அவளுடையதில் இருக்கிறது, இனி பெரிய படிப்பு என்று யாரும் பேச மாட்டார்கள். அந்த மனிதர் போன பிறகு, அவர் நின்ற இடத்தில் அவள் அப்படியே நின்றுகொண்டிருந்ததைப் பார்த்தபோதுதான் அவர் சொன்னது என் காதில் ஏறியது. ஒரு பிள்ளை செய்யாத தப்புக்கு அடி வாங்கியிருக்கிறது. அந்தப் பதினெட்டை அவள் விரல் அடித்தது. அவளை அடிக்க வைத்தது நான்.

மேடம் அவளை நன்றாகத் திட்டினார். எல்லா வகுப்பின் ஆபீஸ் நகலையும் எடுத்து ஒவ்வொன்றாகச் சரிபார்க்கச் சொன்னார். என்னுடைய ஐந்து வகுப்பும் அதில் சேர்த்தி. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து மத்தியானம், நான் டிஃபன் பாக்ஸைத் திறந்து வைத்திருந்தேன். ஆபீஸில் நாங்கள் இரண்டு பேர்தான். அவள் நான்காம் வகுப்புக் கார்டு ஒன்றை என் மேஜையில் வைத்தாள். கீழே இடது மூலையில் விரலை வைத்தாள். எறும்பு அளவில் ஒரு எண் இருந்தது.

“வரிசை கலைஞ்சா அடுக்கறதுக்காக நான் போட்டு வெச்ச நம்பருக்கா இது. கையால அடிச்சா வராது.”

டிஃபன் பாக்ஸை மூடினேன். இப்போது கத்துவாள், மேடத்திடம் போவாள் என்று காத்திருந்தேன்.

“எல்லா கிளாஸும் ஒழுங்கா ஓடிச்சாக்கா?” என்று கேட்டாள். “நாலாங்கிளாஸ்ல ஒரு புள்ளைக்குப் போட்டோவே இல்ல. அங்க நின்னுடுமோன்னு எனக்கு சந்தேகமா இருந்துச்சி.”

“நிக்கல. அந்த எடத்த காலியா விட்டுட்டுப் போயிடுச்சி.”

“நல்லது” என்றாள். நிஜமாகவே நிம்மதியாகச் சொன்னாள். அவள் செய்த பொருள் நன்றாக வேலை செய்திருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்தாள். தன் டிஃபன் பாக்ஸை எடுத்தாள், திறக்கவில்லை. “அப்ப ஏங்கா மேடம்கிட்ட சொல்லல?”

“எனக்கே தெரியலம்மா” என்றேன். எனக்கு நன்றாகத் தெரியும்.

அவள் வேறு எதுவும் கேட்கவில்லை. அன்றிலிருந்து அக்கா என்று கூப்பிடுவதை மட்டும் நிறுத்தவில்லை. நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்வதை நிறுத்திவிட்டாள். டீச்சர்கள் அவளைக் கூப்பிட்டால், “அக்காவ கேளுங்க” என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வாள். பழையபடி என்னைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். நான் போய் நாலு தட்டுத் தட்டிவிட்டு வருவேன். கேட்டது எல்லாம் கிடைத்துவிட்டது. ஆனாலும் அவள் பக்கம் திரும்பும்போது அதே எரிச்சல் இருந்தது. அவளுக்கு இது எதுவும் தேவைப்படவில்லையே என்று.

தீபாவளி முடிந்து வந்த வாரம் அவள் ராஜினாமா கொடுத்தாள். பாகூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை. அவள் ஊருக்குப் பக்கம், ஒரே பஸ். நான் இரண்டு நாள் பார்த்தேன். மூன்றாம் நாள் மேடம் ரூமுக்குப் போனேன். ராஜினாமாவுக்கு முன்னால் போகவில்லை, பின்னால்தான் போனேன் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அவள் போவது உறுதியான பிறகுதான் எனக்கு உண்மை சொல்லத் தைரியம் வந்தது.

நின்றுகொண்டே சொன்னேன். அந்த ஃபைலில் ஒன்றும் இல்லை, நான் முதல் நாளே ஓட்டிப் பார்த்தேன், என் ஐந்து வகுப்பும் அதில்தான் எடுத்தேன், சிவப்பாக வந்ததற்கு அர்த்தம் வேறு. போட்டோ விஷயத்தில் அந்த வைரஸைத் திறந்துவிட்டதும் நான்தான், சார் இல்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். “நான் உங்க கிட்டதானேம்மா கேட்டேன்? எனக்கு அதப் படிக்கத் தெரியாதுன்னுதானே உங்களக் கேட்டேன்?”

என்னை வேலையை விட்டு எடுப்பார் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. போங்க என்றார். அன்று சாயங்காலமே அவளைக் கூப்பிட்டு, நடந்தது தெரிந்துவிட்டது, இருந்துவிடு கண்ணு என்று கேட்டிருக்கிறார். “அங்க வரேன்னு சொல்லிட்டேன் மேடம்” என்று சொல்லிவிட்டாளாம். மேடம்தான் எனக்குச் சொன்னார். அதன் பிறகு வேலைக்குச் சம்பந்தமில்லாமல் ஒரு வார்த்தைகூட அவர் என்னிடம் பேசுவதில்லை. கணக்கு சாரிடம் நானே போய்ச் சொன்னேன். “இப்ப சொல்லி இன்னா பண்றது, விடுங்க” என்றார். அவர் விட்டுவிடவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

அரையாண்டுக் கார்டை அவள் ஃபைலிலேயே எடுத்தோம். டீச்சர்கள் ஒவ்வொருவரையும் உட்காரவைத்து அந்தச் சிவப்பு வரியைப் படித்துக் காட்டினேன். எந்த ஃபைலுக்கு ‘தெரியாது’ என்கிறது, எந்த ஃபைலுக்கு ‘வைரஸ்’ என்றே சொல்கிறது, யார் அனுப்பியது என்று தெரியாவிட்டால் ஏன் தொடவே கூடாது என்றெல்லாம் சொன்னேன். தமிழ் மிஸ், “அட, இவ்ளோதானா!” என்றார். அவருக்கு அது சாதாரண வார்த்தை. எனக்குச் சுருக்கென்றது.

முழுஆண்டுக்கு மேடம் புதிதாக ஒரு பாடம் சேர்த்துவிட்டார். ஃபைல் பாதியில் நின்றுவிட்டது. என்ன செய்தும் நகரவில்லை. மேடம் என்னைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் அவளுக்கு ஃபோன் செய்தேன். எடுக்க மாட்டாள் என்றுதான் நினைத்தேன்.

“சொல்லுங்கக்கா” என்றாள் முதல் மணியிலேயே.

விஷயத்தைச் சொன்னேன். எக்ஸெலை அனுப்பச் சொன்னாள். அரை மணி நேரத்தில் புது ஃபைல் அனுப்பிவிட்டுத் திரும்பக் கூப்பிட்டாள். “இது நான்தான் அனுப்பினேன், பேர சரிபாத்துட்டுத் தொறங்க. புது ஃபைலு, திரும்பவும் செவப்பாதான் வரும்.” அவள் பேசும்போதே அந்தப் பக்கத்தில் யாரோ, “டாக்டர் உன்னதான் கேக்கறாரும்மா, நீ வந்தாதான் ஆவுமாம்” என்று சிரித்துக்கொண்டே கூப்பிட்டார்கள். எனக்குத் தெரிந்த அந்தப் பழைய எரிச்சல் மறுபடி வந்தது. அங்கேயும் அவளைத்தான் கேட்கிறார்கள்.

“ஓடுதாக்கா?”

“ஓடுது.” ஃபோனை மறு காதுக்கு மாற்றினேன். “கை வலி இப்ப பரவால்லியா?”

“அது அப்பவே போயிடுச்சி.” வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை. “நீங்க போயி சொன்னத மேடம் சொன்னாங்கக்கா.”

“லேட்டாதான் சொன்னேன்.”

“ஆமா” என்றாள். “நான் ராஜினாமா எழுதிக் குடுக்கறதுக்கு முன்ன சொல்லிருந்தீங்கன்னா இருந்திருப்பேன். எனக்கு அந்த ஸ்கூலு புடிச்சிருந்தது.”

கோபமாகச் சொல்லவில்லை. பஸ் போய்விட்டது என்று சொல்வதுபோல் சொன்னாள். மன்னித்துக்கொள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் மறுபடி கூப்பிட்டார்கள். “வரேங்க்கா, ஸ்கேன் இருக்குது” என்று வைத்துவிட்டாள்.

ஏழு மாசம் ஆகிறது. அந்த வார்த்தையை இன்னும் சொல்லவில்லை. கூப்பிட்டால் எடுப்பாள், தெரியும். எடுத்து, “பரவால்லக்கா” என்பாள். அதையும் அவள்தான் பெருந்தன்மையாகச் செய்ய வேண்டும் என்று நினைக்கும்போது ஃபோனைத் திரும்ப மேஜையில் வைத்துவிடுகிறேன்.